கள்ளுண்ணாதார்க்கும் வரும் கல்லீரல் நோய்



பாடம் தொடங்குமுன், மாணாக்கர் ஏற்கெனவே அறிந்திருப்பது யாது என வினாவி அறிதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதி. ஆதலின் நானும் ஒரு வினாவோடு தொடங்குகிறேன். கல்லீரல் நோய் யாருக்கு வரும்?

உறவினர் பலர் கூடியிருந்த ஓர் இல்ல விழாவில் இவ்வினாவை எழுப்பினேன். "குடிப்பவர்க்கு வரும்" என்றே அனைவரும் விடையிறுத்தனர். கள், ஊன், தேன் மூன்றையும் தலைமுறை தலைமுறையாக விலக்கி வாழும் நமக்கு அந்நோயோடு என்ன தொடர்பு என்ற நிறைவு அவர்கள் முகத்தில் தெரிந்தது. அந்நிறைவே இன்று நமக்குப் பகையாக நிற்கிறது என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் மூத்த தமையனார் வந்தவாசிப் பக்கத்தில் நெல் வணிகம் செய்து வாழ்ந்தவர். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தீண்டாதவர். கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர். இருபதாண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 2016-ஆம் ஆண்டு அவர் கால்கள் வீங்கின. பின் வயிறும் பெருத்தது. மருத்துவமனையில் சோதித்தபோது கல்லீரல் சுருங்கிவிட்டது என்றனர். "எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறீர்கள்?" என்று அங்கே அவரிடம் மும்முறை கேட்டனர். இல்லை என்ற விடையை அவர்கள் நம்பவில்லை. "நோய்கூடப் பெரிதில்லை அம்மா, அந்தக் கேள்விதான் என்னைக் கொல்கிறது" என்று என்னிடம் சொல்லி அழுதார். மறு ஆண்டு மறைந்தார்.

அவருடைய பழைய மருத்துவத் தாள்களை அடுக்கியபோது 2006-ஆம் ஆண்டின் ஸ்கேன் அறிக்கை ஒன்று கிடைத்தது. பித்தப்பைக் கல்லுக்காக எடுத்தது அது. அதன் கடைசி வரியில் "கல்லீரலில் கொழுப்புப் படிவு" என்று குறித்திருந்தார்கள். அன்று அவருடன் மருத்துவமனைக்குச் சென்றவள் நானே. அவ்வரியைப் படித்தவளும் நானே. கல்தானே முக்கியம் என்று எண்ணித் தாளை மடித்து உறையிலிட்டேன். பிறர் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியே வாழ்ந்த எனக்கு அவ்வொரு வரியின் பொருள் தெரியவில்லை. பத்தாண்டுகள் கையிலிருந்தன, பயன்படுத்தவில்லை. வாசகர் இல்லம் எதிலும் இது நிகழலாகாது.

கல்லீரலின் பணி

வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புகளின் கீழே அமைந்துள்ள கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடையது. உண்ட உணவின் சத்துகள் குடலிலிருந்து முதலில் இங்கேதான் வந்து சேர்கின்றன. சர்க்கரையைச் சேமித்து வைப்பதும், பித்தநீரைச் சுரப்பதும், குருதி உறையத் தேவையான புரதங்களை ஆக்குவதும், நச்சுகளை நீக்குவதும் இதன் தொழில்கள். வீட்டில் களஞ்சியம், சமையலறை, கழிவு வாயில் மூன்றும் ஓரிடத்தில் இருந்தாற்போல என்று குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

கல்லீரல் திசுவில் நோவுணரும் நரம்புகள் இல்லை. அதனைச் சூழ்ந்த மெல்லுறை மட்டுமே வலியுணரும். மேலும், ஒரு பகுதி கெட்டாலும் எஞ்சிய பகுதி முழுப்பணியையும் ஏற்றுச் செய்யும். நோய் நெடுங்காலம் மறைந்திருப்பதற்கு இவ்விரண்டும் காரணங்களாம்.

ஊனுண்ணாதார் கல்லீரலில் கொழுப்பு எவ்வாறு சேர்கிறது?

கல்லீரலின் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புச் சேர்ந்தால் அது கொழுப்புக் கல்லீரல் எனப்படும். இக்கொழுப்பு, கொழுப்புணவிலிருந்து மட்டுமே வருவதன்று. தீட்டிய அரிசிச் சோறு, மைதாப் பண்டங்கள், சர்க்கரை, இனிப்புப் பானங்கள் ஆகியவை உடலின் தேவைக்கு மிஞ்சும்போது, மிகுதியைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றிவிடுகிறது. இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காத நிலையில், வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பும் உருகிக் கல்லீரலை வந்தடைகிறது. ஆகவே சைவ உணவு மட்டும் இந்நோய்க்கு வேலியாகாது. சிலவகை மருந்துகளாலும் இந்நிலை வரலாம்; ஆயினும் பெரும்பாலோர்க்குக் காரணம் உடல் எடையும் சர்க்கரையுமே.

1980-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சார்ந்த லுட்விக் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 20 நோயாளரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அந்நோயாளரின் கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் குடிகாரரின் கல்லீரல் போன்றே இருந்தது. அவர்களோ குடிப்பழக்கம் இல்லாதவர்கள். அதுவரை பெயரே இல்லாதிருந்த அந்நோய்க்கு "மது சாராத" என்ற அடைமொழியோடு பெயர் சூட்டப்பட்டது. 2023-ஆம் ஆண்டு உலகக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கூடி அப்பெயரையும் மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய நோய் என்று குறிக்கலாயின. மதுவின் பெயரைச் சொல்லி நோயாளரை நாணச் செய்தல் தகாது என்பதும் அம்மாற்றத்தின் காரணங்களுள் ஒன்று. என் தமையனார் அதனைக் கேட்க இருக்கவில்லை.

இது எங்கோ நடப்பதன்று. சென்னை நகரில் 541 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில் 32 விழுக்காட்டினர்க்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. சர்க்கரை நோயுடையாரிடம் அது 54.5 விழுக்காடாக, அஃதாவது பாதிக்கும் மேலாக இருந்தது. 2021 பிப்ரவரியில் நடுவணரசு இந்நோயைத் தேசியத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

உழைப்பவர்க்கு வாராதா?

நான் வாழும் ராசிங்காபுரம் போடிநாயக்கனூர் அருகில் மலையடிவாரத்தில் உள்ளது. வைகறையிலேயே பெண்கள் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்வதை நாள்தோறும் காண்கிறேன். "மலையேறி உழைக்கும் எங்களுக்கு இந்நோய் எங்கே வரும் டீச்சர்?" என்று என்னிடம் படித்த பெண்ணொருத்தி கேட்டாள்.

உழைப்பு நல்ல காவலே. ஆயினும் முழுக்காவல் அன்று. இலங்கையின் நிவித்திகலப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் உடலுழைப்போரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 18 விழுக்காட்டினர்க்குக் கொழுப்புக் கல்லீரல் காணப்பட்டது. அங்கே உழைப்போருள்ளும் ஐந்தில் ஒருவர்க்குச் சற்றே குறைவு. சென்னையிலோ மூவரில் ஒருவர். கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்து பணிசெய்யும் நம் குடும்பத்தினர் எப்பக்கம் நிற்கிறோம் என்பதைத் தாமே எண்ணிப் பார்க்கலாம். மெலிந்த உடலினர்க்கும் இந்நோய் வருவதுண்டு என்பதையும் மறத்தலாகாது.

நோயின் நான்கு படிகள்

முதற்படியில் கொழுப்புப் படிகிறது, தீங்கு சிறிது. இரண்டாம் படியில் கொழுப்போடு அழற்சியும் சேர்கிறது. மூன்றாம் படியில் புண்பட்ட இடங்களில் நார்த்திசு தழும்பாகப் படர்கிறது. நான்காம் படியில் கல்லீரல் முழுதும் தழும்பேறி இறுகிச் சுருங்குகிறது, இதுவே சிரோசிஸ். அதன்பின் புற்றுநோயும் தோன்றக்கூடும்.

முதற்படியிலுள்ள அனைவரும் நான்காம் படிக்குச் செல்வதில்லை. ஒரு பகுதியினரே, அதுவும் பல்லாண்டுகளில் செல்கின்றனர். ஆகவே அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. முதல் இரு படிகளிலிருந்து மீளலாம். மூன்றாம் படியிலும் பலர் ஓரளவு மீள்கின்றனர். கொழுப்புக் கல்லீரலுடையார்க்கு இதயநோயும் மிகுதியாக வருவதால், இதனை உடல் முழுமைக்குமான எச்சரிக்கையாகக் கொள்ளல் தகும்.

அறிகுறிகள்: மூவகை

இனி இப்பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். அறிகுறிகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து மனத்திற் கொள்க.

முதலாவது, தொடக்க நிலை. பெரும்பாலோர்க்கு எவ்வறிகுறியும் இராது. சிலர்க்குக் காரணமில்லாத அயர்ச்சி இருக்கும். வலப்புற விலாவின் கீழ் மந்தமான வலியோ கனமோ தோன்றும். இவையும் வயதினால் வந்தவை, வாயுவினால் வந்தவை என்று தள்ளப்படுகின்றன. அறிகுறி இல்லாமையே இந்நோயின் இயல்பு என்று அறிதலே முதல் அறிவாம்.

இரண்டாவது, உடன்வரும் அடையாளங்கள். நோய் தன்னைக் காட்டாவிடினும் அதன் தோழர்கள் வெளியே நிற்பர். அவர்களைக் கண்டு நோயை ஐயுற வேண்டும்.

1. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 செ.மீ., பெண்டிர்க்கு 80 செ.மீ. மிகுதல். கடைசி விலாவிற்கும் இடுப்பெலும்பிற்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளிவிட்டு, தையல் நாடாவால் அளக்க வேண்டும். வேட்டியோ புடவையோ கட்டும் இடத்தில் அளப்பது பிழை.
2. சர்க்கரை நோய், அல்லது அதன் எல்லையில் இருத்தல்.
3. குருதி அழுத்தம், குருதியில் டிரைகிளிசரைடு மிகுதல்.
4. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட்டுப் போலாதல். அழுக்கென்று எண்ணிப் பிள்ளைகளின் கழுத்தைத் தேய்க்கும் தாய்மார் இதனைக் கருதுக. அது இன்சுலின் உடலில் சரிவரச் செயற்படாமையின் அடையாளமாக இருக்கலாம்.
5. பெண்டிர்க்குச் சினைப்பை நீர்க்கட்டியோடு மாதவிடாய் ஒழுங்கின்மை.

மூன்றாவது, முற்றிய நிலை. கண்ணும் தோலும் மஞ்சளித்தல், சிறுநீர் கடுமஞ்சளாதல், ஓயாத அரிப்பு, கால்வீக்கம், வயிற்றில் நீர் கட்டுதல், தோள் தொடைத் தசைகள் மெலிதல், எளிதில் குருதிக்கசிவு, உள்ளங்கை சிவத்தல், மார்பிலும் தோளிலும் சிலந்தி வடிவில் சிவந்த நரம்புகள் தோன்றுதல் ஆகியன. வயிறு பெருப்பதால் "உடம்பு தேறிவிட்டது" என்று மகிழ்ந்த குடும்பமும் உண்டு; எங்கள் குடும்பமே அது.

இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், பகலில் உறங்கி இரவில் விழித்தல், பேச்சுத் தடுமாற்றம், வயிற்றில் நீரோடு காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் காலை என்று தள்ளலாகாது.

மஞ்சள் காமாலை என்றவுடன் கீழாநெல்லியை அரைப்பது நம் வழக்கம். காமாலை என்பது நோயன்று, நோயின் அடையாளம். காரணம் அறியாமல் காத்திருத்தல் தீது. இயற்கை மருந்தெல்லாம் தீங்கற்றது என்பதும் மெய்யன்று. கொரோனாக் காலத்தில் சீந்தில் பொடியும் கசாயமும் தொடர்ந்து அருந்திய சிலர்க்குக் கல்லீரல் அழற்சி உண்டானதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்துள்ளனர்.

சோதனையும் ஒரு கணக்கும்

மேற்கூறிய தோழர்களுள் ஒருவர் இருந்தாலும் மருத்துவரிடம், "கல்லீரலையும் பார்க்க வேண்டுமா ஐயா?" என்று நாமே கேட்க வேண்டும். வயிற்று ஸ்கேனில் கொழுப்பு தெரியும். ஆயினும் சிறிதளவாயின் தப்பிவிடலாம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் குருதிச் சோதனைகள் இயல்பாக இருந்தும் நோய் உள்ளோர் பலர்.

தழும்பு உண்டா என ஐயுறுவதற்கு எளிய கணக்கொன்று உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி. எண்ணால் பெருக்குக. தட்டணுக்களை ஆயிரக்கணக்கில் எழுதி, எஸ்.ஜி.பி.டி. எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்குக. முன்னதைப் பின்னதால் வகுக்க.

எடுத்துக்காட்டு: வயது 56, எஸ்.ஜி.ஓ.டி. 45, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணுக்கள் 1,80,000. 56-ஐ 45-ஆல் பெருக்க 2520. 49-இன் வர்க்கமூலம் 7. 180-ஐ 7-ஆல் பெருக்க 1260. வகுக்கக் கிடைப்பது 2.

விடை 1.3-க்குக் கீழ் இருந்தால் பெருந்தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயதைக் கடந்தோர்க்கு இவ்வெல்லை 2. எல்லைக்கு மேற்பட்டால் ஃபைப்ரோஸ்கேன் முதலிய அடுத்த சோதனை வேண்டும், 2.67-க்கு மேல் எனில் தாமதியாமல் கல்லீரல் மருத்துவரைக் காண வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் குருதி எண்கள் "சற்றே கூடுதல்" என்று ஒதுக்கத்தக்கவையாகத் தோன்றுகின்றன. கணக்கோ கவனிக்கச் சொல்கிறது. இது தீர்ப்பன்று, தூண்டுகோலே. முடிவு கூறவேண்டியவர் மருத்துவர்.

நம் தவங்களில் உள்ள மருந்து

இந்நோய்க்கு முதன்மையான மருத்துவம் எடைகுறைத்தலே. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சி தணிகிறது. 10 விழுக்காடும் அதற்கு மேலும் குறைந்தால் தழும்பும் பலர்க்குக் குறைகிறது. 70 கிலோ உள்ளவர் 7 கிலோ குறைத்தல் வேண்டும். வாரம் அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். வாரத்தில் 150 நிமிட விரைவு நடையும் தேவை. கடுந்தழும்பு உள்ளோர்க்கென அமெரிக்காவில் 2024-இல் முதல் மருந்து ஏற்கப்பட்டது. அதுவும் உணவொழுக்கத்தோடு சேர்த்தே தரப்படுகிறது.

இதனைப் படித்தபோது நம் புறத்தவங்கள் ஆறும் என் நினைவிற்கு வந்தன. அவற்றுள் அவமௌதரியம் என்பது பசியளவிற்குக் குறைத்து உண்ணல். ஆடவர்க்கு 32 கவளம், பெண்டிர்க்கு 28 கவளம் நிறைவுணவு; அதனினும் குறைப்பதே தவம் என நம் நூல்கள் வரையறுத்தன. ரசபரித்தியாகம் என்பது பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகிய சுவைகளுள் ஒன்றையோ பலவற்றையோ துறத்தல். இவை வினையறுக்கக் கூறப்பட்டவையே அன்றி ஈரலுக்காகக் கூறப்பட்டவை அல்ல. ஆயினும் இவற்றைக் கைக்கொள்வார்க்கு உடலும் நலம் பெறும்.

நாம் செய்வது என்ன? உபவாசத்தை நோற்கிறோம்; பாரணையன்று நெய்யில் மிதக்கும் இனிப்புகளால் அதனை ஈடுசெய்கிறோம். கதிர் மறையுமுன் உண்கிறோம். மறையப்போகிறதே என்று இருமடங்கு உண்கிறோம். ஆதிபகவனுக்குச் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாறு அளித்தது ஓராண்டு நோன்பின் முடிவில். நாமோ அட்சய திருதியைக்குக் காத்திராமல் நாளுக்கு நான்கு முறை சர்க்கரைத் தேநீர் பருகுகிறோம்.

எங்கள் பக்கத்தில் ஏலக்காய் ஈரலுக்கு நல்லது என்பர். ஈரானில் நடந்த சிறு ஆய்வொன்று சில நற்பயன்களைக் காட்டியதும் உண்மை. ஆனால் ஓர் ஏலக்காய்க்கு மூன்று கரண்டிச் சர்க்கரை சேர்த்துப் பருகினால் எது வெல்லும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சர்க்கரை இல்லாத காப்பி கல்லீரலுக்குத் துணை என்று ஆய்வுகள் கூறுகின்றன. மீன் எண்ணெய் மாத்திரை இந்நோய்க்கு இன்றியமையாததன்று. நம் விரதத்தைக் குலைத்துக்கொள்ள வேண்டுவதில்லை.

தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் கீரை, காய், பயறு, சுண்டல் ஆகியவற்றைப் பெருக்குக. குடும்பத்தில் ஒருவர்க்கு மட்டும் தனிச் சமையல் நெடுநாள் நிலைக்காது; இல்லம் முழுமைக்கும் மாற்றுக. ஓர் எச்சரிக்கை: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் நோற்றலாகாது. கல்லீரல் சுருங்கியோர் நெடும்பட்டினி கிடத்தலும் தீது.

பயிற்சி

வகுப்பு முடியுமுன் வீட்டுப்பாடம் தருவது என் வழக்கம்.

1. இல்லத்தில் உள்ள பெரியோர் அனைவர்க்கும் இடுப்புச் சுற்றளவை அளந்து எழுதுக.
2. பழைய மருத்துவ உறைகளைத் திறந்து, ஸ்கேன் அறிக்கைகளின் கடைசி வரி வரை படிக்க. "கொழுப்பு" என்றோ "ஃபேட்டி லிவர்" என்றோ கண்டால் அத்தாளை மருத்துவரிடம் கொண்டு செல்க.
3. சர்க்கரை நோயுடையார் இருப்பின், மேற்கண்ட கணக்கைப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளையிடம் கொடுத்துச் செய்யச் சொல்க.
4. ஒரு திங்களுக்கு ஏதேனும் ஒரு சுவையைத் துறக்க. அது சர்க்கரையாயின் நன்று.
5. கல்லீரல் நோயுற்ற எவரையும் "குடித்தாரா?" என்று கேளாதிருக்க. குடித்தவரே ஆயினும் அவர்க்குத் தேவை மருந்தும் பரிவுமேயன்றி இழிசொல் அன்று. சொல்லால் நோவச் செய்தலும் இம்சையே.

இரண்டாம் பாடத்தை 2017-இல் நானே செய்தேன். என் பழைய அறிக்கை ஒன்றிலும் அதே வரி இருந்தது. இம்முறை மடித்து உறையிலிடவில்லை. மருத்துவரைக் கண்டேன், நாள்தோறும் காலையில் மலையைப் பார்த்தபடி நடக்கலானேன், தேநீரில் சர்க்கரையை விட்டேன். ஈராண்டில் 6 கிலோ குறைந்தது. அடுத்த ஸ்கேனில் கொழுப்பு குறைந்திருந்தது. தமையனார்க்குச் செய்யத் தவறியதை எனக்குச் செய்துகொண்டேன் என்ற வருத்தம் மாறவில்லை. வாசகர் ஒருவரேனும் இன்று ஓர் உறையைத் திறந்து பார்ப்பாராயின் அவ்வருத்தம் சிறிது தணியும்.

எல்லா உயிரும் நலம் பெறுக. அறம் வளர்க.